திரையில் முகம், கூட்டத்தில் மௌனம்



2020, 2021ஆம் ஆண்டுகளில் மெல்பேர்ண் நகரம் ஆறு தடவைகளில் மொத்தம் 262 நாட்கள் முடக்கத்தில் இருந்தது. அன்று நமது சாப்பாட்டு மேசைக்கு வந்த அலுவலகக் கூட்டம், பல வீடுகளில் இன்னும் அங்கேயே இருக்கிறது. கணக்காளராகிய நானும் மாதமுடிவுக் கூட்டங்கள் பலவற்றைக் கணினித் திரையிலேதான் காண்கிறேன். நம்மவர்களின் கமரா போட்டபடி இருக்கும். முகத்தில் பணிவு இருக்கும். வாய் மட்டும் திறவாது.

பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே கதைக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அகதியாக வந்து தேடிக்கொண்ட வேலையை வாய் கொடுத்து இழக்கக்கூடாது என்ற பயமும் அதனோடு சேர்ந்துகொண்டது. ஆனால் இங்குள்ள முகாமையாளர் பலர் அந்த மௌனத்தை மரியாதையாக எடுப்பதில்லை, அக்கறையின்மையாக எடுக்கிறார்கள். பதவி உயர்வு வரும்போது அது நமக்கு எதிராக நிற்கிறது.

கமராவைப் போட்டிருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். 2021இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 103 ஊழியர்கள் நான்கு வாரங்களில் சில நாட்கள் கமரா போட்டும் சில நாட்கள் நிறுத்தியும் கூட்டங்களில் பங்குபற்றினார்கள். கமரா போட்ட நாட்களில் களைப்புக் கூடியது. களைத்தவர்கள் கூட்டத்தில் குறைவாகவே கதைத்தார்கள். பெண்களுக்கும் வேலைக்குப் புதியவர்களுக்கும் இந்தப் பாதிப்பு அதிகம். அதே ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெயிலன்சன் இதற்கான காரணங்களை விளக்கினார்: பல முகங்கள் மிக அருகில் நின்று உற்றுப் பார்ப்பதுபோன்ற நிலை, நமது முகத்தையே நாம் ஓயாமல் பார்ப்பது, அசையாமல் இருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ளும் சிரமம்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் நேரத்தில் கமராவை நிறுத்தலாமா என்று முகாமையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஒரு கேள்வியையோ ஒரு தொகையையோ எழுதி வைத்து, முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக வாய் திறப்பது கடினம். ஆங்கில உச்சரிப்பை எண்ணித் தயங்குகிறவர்கள் எழுத்தில் அனுப்பலாம். சரியான கணக்குக்கு உச்சரிப்புத் தேவையில்லை.

நேயர்களே, உங்களில் சிலர் இன்று முகாமையாளர்கள். உங்கள் கூட்டத்திலும் ஒருவர் பேசாமல் இருப்பார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவருடைய கருத்தைக் கேளுங்கள்.