தமிழ்வழிப் பொறியியல்: இடம் இருக்கிறது, ஆள் எங்கே?



ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு பரபரப்புப் பிறக்கிறது. பொறியியல் படிப்புக்கு வேண்டுகை நிரப்பும் பரபரப்பு அது. மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எனத் தாள்களைத் திரட்டிக்கொண்டு பெற்றோர் அலைகின்றனர். கணக்கில் பெற்ற மதிப்பெண் முழுமையாகவும், இயற்பியலிலும் வேதியியலிலும் பெற்றவை பாதிப்பாதியாகவும் கூட்டப்பெற்று, 200-க்கு இத்தனை என்று ஓர் எண் வருகிறது. பிறகு வீட்டில் அந்த எண்ணைத் தவிர வேறு பேச்சில்லை. எந்தக் கல்லூரி, எந்தத் துறை, என்ன கட்டணம், விடுதி உண்டா என்று துருவித் துருவிக் கேட்கின்றனர். எந்த மொழியில் படிப்பது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

கேட்டால் விடை இருக்கிறது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்தது கிண்டிப் பொறியியல் கல்லூரி. 1978-இல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமும் அதுவே. அங்கே திருவள்ளுவர் ஆண்டு 2041-இல், அஃதாவது 2010-இல், கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. அதே ஆண்டில், தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணி நேரடித் தேர்வில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. 2020-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பணிக்குப் பள்ளிப் படிப்பு முதல் பட்டம் வரை தமிழ்வழியிலேயே பயின்றிருக்க வேண்டும் என்பது இன்றைய நெறி. பன்னிரண்டாண்டு தமிழில் படித்துவிட்டுப் பொறியியலை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை, பொறியாளர் பணிக்குப் போட்டியிடும்போது அந்த முன்னுரிமையைத் தன் கையாலேயே துறந்தவனாகிறான். துறந்தோம் என்று அறிந்து துறந்தவர் எத்தனை பேர்?

பெற்றோரின் அச்சத்தை எள்ளி நகையாடிப் பயனில்லை. தனியார் நிறுவன நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கிறது. மேற்படிப்பும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. இவை பொய்யல்ல. ஆனால் தமிழ்வழி மாணவரும் ஆங்கிலத்தை ஒரு மொழிப் பாடமாகப் படிக்கத்தான் செய்கின்றனர். ஆங்கிலம் அறிதல் வேறு. ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே எண்ணக் கற்றல் வேறு. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் தகைவு, திரிபு, மீட்சி என்று படித்து, கம்பியின் நீட்சிக்குக் கணக்குப் போட்ட மாணவனைப் பாருங்கள். பொறியியலில் பொருள்களின் வலிமையைப் பற்றிய பாடம் தொடங்குவதே அந்தத் தகைவிலும் திரிபிலுந்தான். தமிழ்வழி வகுப்பில் அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். ஆங்கிலவழி வகுப்பிலோ, தெரிந்த பொருளையே தெரியாத சொல்லில் மீண்டும் கற்கிறான். முதற்பருவத்தில் தோற்று, தனக்கு அறிவில்லை என்று தலைகவிழும் சிற்றூர்ப் பிள்ளைகளுள் பலர்க்கு இல்லாதது அறிவன்று, அந்த வேற்றுச்சொல்.

தமிழில் உயர்கல்வி இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் விடை கூறும். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல் இல்லையே என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. அறுவை மருத்துவத்துக்கும் உடற்கூற்றுக்கும் நூல்களை ஆக்கினார். அந்நூற் பெயர்களில் வடசொல் மிகுதி என்று இன்று குறை கூறலாம். கூறிவிட்டு, அயல்நாட்டார் ஒருவர் தாமே தமிழ் கற்றுச் செய்த பணியைத் தமிழ்ப் பேராசிரியர் கூட்டம் நூற்றைம்பது ஆண்டு கழித்தும் ஏன் தயங்கித் தயங்கிச் செய்கிறது என்றும் கேட்க வேண்டும்.

2023 மே திங்களில் நடந்ததை எளிதில் மறக்கலாகாது. உறுப்புக் கல்லூரிகள் 11-இல் தமிழ்வழிக் கட்டட, எந்திரப் பொறியியல் வகுப்புகளை நிறுத்துவதாக அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்தது. சேருவோர் குறைவு என்பதே கூறப்பட்ட கரணியம். எதிர்ப்பு எழுந்தது, அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. அறிக்கை விட்டவர்கள் வெற்றி என்று மகிழ்ந்தனர். அறிவிப்பைத்தான் திரும்பப் பெற்றனர். வெறும் இருக்கையில் பிள்ளை வந்து அமர்ந்துவிடவில்லை. மேடையில் தமிழ்வழிக் கல்விக்குக் குரல் கொடுத்துவிட்டுத் தம் மகனை ஆங்கிலவழியில் சேர்க்கும் தலைவர்களைத் தனியே சுட்ட வேண்டுவதில்லை. அவரவர் ஊரில் அவரவர்க்குத் தெரியும்.

வேண்டுகை நிரப்பும் இடம் இன்று மாறிவிட்டது. 2017 வரை கலந்தாய்வு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடந்தது. தந்தையும் பிள்ளையும் இரவுப் பேருந்தேறிச் சென்னை வந்து, நான்கு பேரைக் கேட்டு முடிவு செய்தனர். 2018 முதல் எல்லாம் இணையவழி. இன்று சிற்றூர் மாணவியின் விருப்ப வரிசையை நிரப்புபவர் பெரும்பாலும் கடைத்தெருக் கணினி நடுவத்து இளைஞரே. ஒரே கல்லூரியின் ஒரே துறை, தமிழ்வழி என்ற குறிப்புடன் தனியாகவும் அப்பட்டியலில் இருப்பதை அவர் சொல்வதில்லை, பலருக்குத் தெரிவதுமில்லை. பட்டியலில் எழுதாத இடம் எத்துணை உயர்ந்த மதிப்பெண்ணுக்கும் ஒதுக்கப்படாது. கிண்டியில் தமிழ்வழித் துறைகள் ஆங்கிலவழியைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் நிரம்புவதே வழக்கம். அவ்வளாகத்தில் படிக்க ஏங்கி, ஓரிரு மதிப்பெண்ணில் அதை இழக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடுவது கொடுமை. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இடம் வந்தது. அவர்தம் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவ்வழியில் வருவோருள் மிகப் பலர் தமிழ்வழியில் படித்தவரே. அவர்களிடமாவது இச்செய்தி சென்று சேர வேண்டும்.

தமிழன்பர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருவராகச் சேர்ந்து, தேர்வு முடிவு வந்த கிழமையிலேயே அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, கணக்கும் இயற்பியலும் படித்த மாணவர் பெயர்களைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்குச் சென்று தாய்தந்தையிடம் முன்னுரிமைச் சட்டத்தையும் விளக்க வேண்டும். நேர்காணல் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. விருப்பம் நிரப்பும் நாளில் கணினி நடுவத்தில் பிள்ளையின் அருகே அமர்ந்து, தமிழ்வழித் துறை வரிசையில் எத்தனையாவதாக எழுதப்பெற்றுள்ளது என்று பார்க்க வேண்டும். மேலே இருப்பதே முதலில் கருதப்படும். ஒவ்வொரு சுற்றுக்கும் தரப்படுவன சில நாள்களே. வரிசை பூட்டப்பட்ட பின் அதை மாற்ற இயலாது.