அலையும் பொதுச்சொத்தே!

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கம்பியில்லா அகலக்கற்றை, அதாவது கம்பியின்றியே விரைவான இணையத்தை வழங்கும் அமைப்பு பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். கல்விச் சங்கத்தின் விழாவில் கோபுரத்தைப் பற்றியும் அலையைப் பற்றியும் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட நாட்களை எண்ணிப் பாருங்கள். பாடம் கைப்பேசி வழியே வந்தது. கைப்பேசியும் அலையும் கிடைத்த வீட்டுப் பிள்ளை படித்தது. கிடைக்காத வீட்டுப் பிள்ளை காத்திருந்தது. அன்று முதல் அலையும் கரும்பலகையைப் போல ஒரு கல்விக் கருவியாகிவிட்டது.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாட் நகரில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். ஏட்டில் பொதுவாக இருந்த குளத்தை நடைமுறையிலும் பொதுவாக்க எழுந்த போராட்டம் அது. 1995இல் உச்ச நீதிமன்றம், வான்வழி அலைகளும் பொதுச்சொத்தே என்று தீர்ப்பளித்தது. அதுவும் ஏட்டோடு நின்றுவிடலாகாது. 2019இல் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கூறியதையும் இங்கு நினைவுகூர்கிறேன்.

இனி, இவ்வலை இயங்கும் முறையைக் காண்போம். தொலைவில் நடக்கும் திருவிழாவின் மேளத்து அடியொலி நம் காதுக்கு எட்டும். ஜால்ராவின் ஒலி எட்டுவதில்லை. வானொலி அலைகளும் ஏறத்தாழ அவ்வாறே. அதிர்வெண் குறைந்த அலை நெடுந்தூரம் செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அங்கே அலைவரிசை குறுகியதாதலால் சுமக்கும் செய்தியும் குறைவு. அதிர்வெண் மிகுந்த அலை ஏராளமான செய்தியைச் சுமக்கும். ஆனால் ஒரு மரமோ சுவரோ அதனைத் தடுத்துவிடும். ஆகவேதான் 2022இல் நம் நாட்டில் நடந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ், 3300 மெகாஹெர்ட்ஸ், 26 கிகாஹெர்ட்ஸ் எனப் பல அலைவரிசைகள் விடப்பட்டன. முதலாவது சிற்றூர்களுக்கு ஏற்றது; கடைசியானது நெரிசல் மிகுந்த நகரத் தெருக்களுக்கு ஏற்றது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. ஒரு கோபுரத்தின் ஆற்றலை அவ்வட்டாரத்தார் அனைவரும் பங்கிட்டுக் கொள்கின்றனர். மாலையில் வேகம் குறைவதற்கு இதுவே முக்கியக் காரணம். மேலும், கம்பியில்லா வலை என்று நாம் கூறினாலும், கோபுரத்திற்குக் கண்ணாடி இழை வந்து சேர்ந்தாலன்றி உயர்ந்த வேகம் கிட்டுவது அரிது.

நம் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு முயற்சியைக் கூறுகிறேன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினர். நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகமே அதற்குண்டு. ஆயினும் 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் அதன் துணைகொண்டு இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்த ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் 2006இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அந்நிலையங்களுக்கு வந்தோரில் பெரும்பாலோர் வசதியும் படிப்பும் மிக்க, முன்னேறிய சமூகத்து ஆண்களே. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பை அடுத்து நிலையம் அமைந்து, அவர்களிடையே ஊக்குவிப்போரும் இருந்தபோது, அம்மக்களும் கூடுதலாக வந்தனர். அலை ஊருக்கும் சேரிக்கும் வேறுபாடு அறியாது. கருவியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் மனிதர்தாம் அறிவர். பின்னர் வருவாய் போதாமையாலும் பழுது நீக்க ஆளின்மையாலும் அந்நிலையங்களுள் பல மூடப்பட்டன. அதுவும் நமக்கொரு பாடம்.

எதிர்காலம் எவ்வாறு இருக்கும்? 2022 அக்டோபர் 1 அன்று நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கிற்று. கம்பி இழுக்காமலே வீட்டிற்கு அகலக்கற்றை வழங்கும் முறை அதனால் பரவி வருகிறது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்களுக்கு மாறாக, 550 கிலோமீட்டர் அளவில் சுற்றும் கோள்கள் மிகக் குறைந்த தாமதத்தில் இணையம் தருகின்றன. கோபுரம் எட்டாத மலையூர்களுக்கு இவை உதவும். ஆறாம் தலைமுறைக்கான வரைவை உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் ஏற்றது; இணைக்கப்படாதோரை இணைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. நோக்கம் நன்று. ஆனால் கேளாதார்க்கு எதுவும் தானே வந்து சேர்ந்ததில்லை என்பதை நம் வரலாறு நமக்குக் கற்பித்திருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். நம் குடியிருப்பில் அலை எட்டவில்லையெனில், எந்தெந்தத் தெருவில் எட்டவில்லை என்று எழுதிக் கிராம சபையில் மனுவாக வையுங்கள். சங்கத்தின் படிப்பகத்தில் ஓர் இணைப்பை ஏற்படுத்தி, அதனை நம் பெண் பிள்ளைகளின் பொறுப்பில் விடுங்கள். மேலூரில் எந்தப் பிள்ளைகள் வரவில்லையோ, இங்கே அவர்கள் முதலில் வரட்டும். இளைஞர்களே, படம் பார்ப்பதோடு நில்லாமல் இத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் மின்னணுவியல் பயிலுங்கள். கோபுரத்தைப் பழுது பார்ப்பவராக மட்டுமன்றி, அது எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பவராகவும் உயருங்கள்.

1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினர். அன்றைய செய்திக் கருவியாகிய அச்சைத் தாமே கையிலெடுத்த முன்னோரின் வழிவந்தவர் நாம். இன்றைய கருவியையும் நாமே கையிலெடுப்போம்!