ஒரு சோறு பதம் போதுமா?

 

டிடக்டிவ், இண்டக்டிவ் வாதங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் தத்துவம் படித்தவன் இல்லை, கான்கிரீட் போடுகிறவன். அதை வைத்தே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எம் 20 கலவையில் ஒரு மாடித் தளம் போட்டோம். காலையில் 150 மி.மீ. கியூப் மூன்று எடுத்து வைத்தேன். 28 நாள் கழித்துச் சோதித்ததில், மூன்றும் சராசரியாக 540 கிலோ நியூட்டனில் உடைந்தன. பரப்பு 22,500 சதுர மி.மீ. வகுத்தால் 24. தேவை 20தானே! "தளம் நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி மெதுவாகக் கேட்டார்: "சார், கியூப் எடுத்தது காலைல. மத்தியானம் மழை பெஞ்சு மணலெல்லாம் நனைஞ்சு போச்சே, அந்தக் கலவைல எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. நனைந்த மணலுக்குத் தண்ணீரைக் குறைக்கவும் இல்லை. மதியம் போட்ட பகுதியில் கோர் எடுத்துப் பார்த்தோம், தேறவில்லை. உடைத்து மறுபடி போட்டோம். செலவைவிட என் கையெழுத்துதான் எனக்கு உறுத்தியது.

எங்கே தப்பு? கணக்கில் இல்லை. எடையும் பரப்பும் சரியென்றால் விடை 24தான், வேறு வழியே கிடையாது. அது டிடக்டிவ். "கியூப் நன்று, ஆகவே தளம் முழுதும் நன்று" என்பது இண்டக்டிவ். நான் இரண்டாவதற்கும் முதலாவதன் உறுதியைக் கொடுத்துவிட்டேன்.

தம்பிகளே, "பொதுவிலிருந்து தனி, தனியிலிருந்து பொது" என்ற மனப்பாடம் எல்லா இடத்திலும் உதவாது. கணக்கில் வரும் மேத்தமெடிக்கல் இண்டக்ஷன்கூடப் பெயரில்தான் இண்டக்ஷன். உள்ளே அது டிடக்டிவ். அதனால் ஒரே கேள்வி கேளுங்கள்: சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், முடிவு பொய்யாக முடியுமா? முடியவே முடியாது என்றால் டிடக்டிவ். முடியும், ஆனால் பெரும்பாலும் ஆகாது என்றால் இண்டக்டிவ்.

இண்டக்டிவ் ஒன்றும் மட்டமில்லை. அது இல்லாமல் நாம் ஒரு தூண்கூட எழுப்ப முடியாது. ஐ.எஸ். 456 விதியே, சோதனை முடிவுகளில் 5 சதவீதம்வரை குறித்த வலிமைக்குக் கீழே போகலாம் என்று கணக்கில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் எல்லாம் ஒரே பானைதானா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.