சமையற்காரரும் உபாத்தியாயரும்

(ஓர் உபாத்தியாயருக்குப் பழைய மாணாக்கர்கள் நடத்திய பாராட்டு விருந்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



உபாத்தியாயருக்கு வயது 80 ஆகிறதென்று மாணாக்கர்கள் கூடி விருந்து வைத்திருக்கிறார்கள். சதாபிஷேகம் என்று பெயர் வைத்து, புரோகிதனைக் கூப்பிட்டு, அவர் தலையில் குடம் குடமாய்த் தண்ணீரைக் கொட்டாமல் விட்டதற்கே முதலில் நாம் நன்றி செலுத்துகிறோம். இந்த விருந்தைச் சமைத்தவர் அவரிடம் படித்த பிள்ளை. இன்று பட்டணத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்குத் தலைமைச் சமையற்காரர். அவருக்குக் கீழே 40 பேர் வேலை செய்கிறார்கள். அவர் பிறந்தது சேரியில்.

இதிலென்ன அதிசயம் என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் சேரிப்பிள்ளை டாக்டராவதைவிடச் சமையற்காரராவது கஷ்டம் என்று நாம் சொல்லுகிறோம். டாக்டரிடம் போகிறவன் உயிருக்குப் பயந்து போகிறான். ஜாதி கேட்க மறந்துவிடுகிறான். சோற்றுப் பானை அப்படியல்லவே! மோட்சமே அதற்குள் இருப்பதாகவல்லவா நம்மவர்கள் எண்ணம்? தேசபக்தர்கள் நடத்திய சேரன்மாதேவிக் குருகுலத்திலேயே 1924-ல் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1957-ல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற ஒரே சொல்லை எடுப்பதற்குப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். தோழர்கள் பலர் ஜெயிலுக்குப் போனார்கள்.

நம் சமையற்காரர் சிறுபிள்ளையில் கணக்கில் மந்தம். உபாத்தியாயர் பிரம்பை எடுக்கவில்லை. பகலுணவுக்கு அரிசி அளக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய்ப் படியைக் கையில் கொடுத்தார். எட்டு ஆழாக்கு ஒரு படி. பிள்ளைக்கு ஓர் ஆழாக்கு என்றால் 56 பிள்ளைக்கு எத்தனை? பையன் அளந்து பார்த்து ஏழு என்றானாம். மறுநாளிலிருந்து அளக்கிற வேலையும் பரிமாறுகிற வேலையும் அவனுக்கே.

ஊர்ப் பெரியதனக்காரர்கள் விடுவார்களா? "அவன் தொட்ட அரிசியா?" என்று கூட்டமாய் வந்தார்கள். "நட்டது யார், அறுத்தது யார், அடித்தது யார்?" என்று உபாத்தியாயர் கேட்டார். பதில் இல்லை. ஆனால் ஒன்பது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நிறுத்திவிட்டார்கள். உபாத்தியாயர் தினமும் முதல் ஆளாய் உட்கார்ந்து அந்தப் பையன் கையால் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு மாதத்துக்குள் ஏழு பிள்ளைகள் திரும்பி வந்தன. பசிக்கு மனுதர்மம் தெரியாது போலும்!

இன்று இவருக்கு அன்னபூரணி கடாட்சம் என்று சிலர் பேசிக்கொள்ளுகிறார்கள். நாம் கேட்கிறோம், அந்த ஒரு மாதமும் அன்னபூரணி எங்கே போயிருந்தாள்? அளக்கக் கற்றுக் கொடுத்தவர் இதோ எதிரில் இருக்கிறார். அவருக்குப் பென்ஷன் தவிர வேறு கடாட்சம் கிடையாது.

பழைய கதைதானே என்று எண்ணிவிடாதீர்கள். 2018-ல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில், தாழ்த்தப்பட்ட அம்மையார் ஒருவர் சமைக்கக் கூடாதென்று தகராறு நடந்தது. அதிகாரிகள் தடுத்தவர்களை விட்டுவிட்டு முதலில் அம்மையாரை மாற்றினார்கள். காலை உணவுத் திட்டம் வந்தது 2022-ல். மறு வருஷமே தூத்துக்குடி ஜில்லா உசிலம்பட்டியில் அதே தகராறு. ஆகவே உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அடுப்புப் பக்கம் நிற்பவர் யார், வேண்டாமென்று யாராவது விரட்டுகிறார்களா என்று நாளைக் காலையில் போய்ப் பாருங்கள். அப்படியே ஒரு தட்டு வாங்கி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

உபாத்தியாயர் நம்மைப் பார்க்கவில்லை, இலையைப் பார்க்கிறார். அன்றைக்குத் திரும்பி வராத இரண்டு பிள்ளைகளில் ஒருவர் இங்கே வந்திருக்கிறார். அவருக்கும் அந்தப் பந்தியிலேயே இலை போட்டாகிவிட்டது. சாம்பார் ஆறுவதற்குள் நாமும் உட்காருகிறோம்.