பயிற்றுநரின் பணி



புணே இரயில்வே கோட்டத்தில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்த ஸ்வப்னில் குசாளே, 2024 ஆகஸ்டு 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கியில் மல்யுத்த வீரர் கே. டி. ஜாதவ் பெற்ற வெண்கலத்திற்குப் பின், மகாராஷ்டிரத்தார் ஒருவர் தனிநபர் போட்டியில் வென்ற ஒலிம்பிக் பதக்கம் இதுவே. இடைப்பட்ட காலம் 72 ஆண்டுகள்!

அவர் கலந்துகொண்டது, 50 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுடும் போட்டியாகும். இலக்கின் நடுவட்டம் பத்து மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மூச்சு பிசகினும், நாடி துடிப்பினும் குறி தவறிவிடும். இறுதிச் சுற்றில் மண்டியிட்டுச் சுட்டபின் ஆறாம் இடம். படுத்துச் சுட்டபின் ஐந்தாம் இடம். நின்று சுட்டு முடித்தபோது மூன்றாம் இடம். இத்தகைய பொறுமை ஒரே நாளில் விளைவதன்று.

ஆசிரியரான தந்தை 2009இல் அவரை மாநில அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தில் சேர்த்தார். பின்னர் வழிகாட்டிய தீபாலி தேஷ்பாண்டேயோ, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இதே வகைப் போட்டியில் தாமே துப்பாக்கி ஏந்தியவர். அவரைத் தம் இரண்டாவது தாய் என்றே குசாளே போற்றுகிறார். இச்சொல்லை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாய் நடை பழக்குகிறாள். பிள்ளைக்காகத் தான் நடந்துவிடுவதில்லை. சுடும் கணத்தில் வீரன் தனியன். அத்தனிமைக்கு அவனை ஆயத்தம் செய்வதே பயிற்றுநரின் பணி.

2022இல் கெய்ரோ உலகப் போட்டியில் குசாளே நான்காவதாக வந்தார். பதக்கம் கைநழுவிற்று, ஆயினும் இந்தியாவுக்கு ஓர் ஒலிம்பிக் இடம் கிட்டிற்று. தோல்வியைக் கண்டு துவளும் மாணவனுக்கு, அதனுள் அடங்கிய பேற்றையும், அடுத்துத் திருத்த வேண்டிய ஒரே ஒரு பிழையையும் சுட்டிக்காட்டுபவரே நல்லாசான்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், நம் மக்கள் விரைவில் முன்னேற வேண்டுமென்று துடிக்கிறோம். மைதான வேலிக்கு வெளியே நின்று, "இன்னும் வேகம்!" என்று கூவுகிறோம். தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம், "எத்தனையாவது இடம்?" என்றே முதலில் வினவுகிறோம். "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்டுப் பழகுவோமாக. அக்கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளை நம் துணையின்றியும் உயர்வான்.