கார்களுக்குப் பகரமாக விவசாயிகளா?



2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும், பிரேசில், அர்ஜென்டினா உள்ளிட்ட மெர்கோசூர் கூட்டமைப்பும் வர்த்தக உடன்பாட்டுப் பேச்சுவார்த்தையை நிறைவு செய்தன. ஐரோப்பியக் கார்கள்மீதான 35 சதவீத இறக்குமதி வரி படிப்படியாக நீங்கும். ஈடாக, ஆண்டுக்கு 99,000 டன் மாட்டிறைச்சி 7.5 சதவீத வரியில் ஐரோப்பாவுக்குள் நுழையும். ஆதாயம் கார் முதலாளிகளுக்கு. பாரம் பிரான்சு, அயர்லாந்து கால்நடை விவசாயிகளுக்கு.

இறக்குமதி பெருகினால் சலுகையை நிறுத்துவோம் என்கிறார்கள். ஆனால் 2005 முதல் 2020 வரை அங்கே 53 லட்சம் பண்ணைகள் மறைந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சிறு பண்ணைகள். நேரடி மானியத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் 20 சதவீதப் பயனாளிகளையே அடைகிறது. எனவே வரிச்சுவர் மட்டும் சிறு விவசாயியைக் காக்காது. கட்டுப்படியாகும் விலையும் மானியத்தின் நியாயமான பங்கீடும் வேண்டும். பிரேசிலின் நிலமற்ற உழவர் அவருக்குப் பகைவர் அல்லர். இருவரையும் பிழிவது ஒரே மூலதனமே!