போண்டாவின் குறட்டை

ரெகுலரா கேக்கறவங்க ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. ஒவ்வொரு எபிசோட்லயும் மியூசிக்குக்கு முன்னாடி ஒரு குறட்டைச் சத்தம் வரும். எங்க வீட்டு போண்டாவோட குறட்டை அது. போண்டா ஒரு பக் நாய், நாலு வயசு. இன்னைக்கு அந்தச் சத்தம் இல்ல, இனிமேலும் வராது. பயப்படாதீங்க, போண்டா நல்லா இருக்கான். இப்பகூட என் காலடியிலதான் படுத்திருக்கான். ஏன் அந்தச் சத்தத்தை எடுத்தேன்னு சொல்றதுதான் இந்த எபிசோட்.

போன ஏப்ரல். சென்னை வெயில் உங்களுக்கே தெரியும். சாயங்காலம் அஞ்சரைக்கு மீட்டிங் முடிஞ்சதும் போண்டாவைக் கூட்டிட்டு வாக்கிங் கிளம்பினேன். வெயில் தாழ்ந்துடுச்சேன்னு நினைச்சேன், ஆனா தரையில சூடு அப்படியே இருந்தது. பத்து நிமிஷம்கூட ஆகல, கேட் பக்கத்துலயே படுத்துட்டான். நாக்கு ஊதா கலர்ல தொங்குது. மூச்சு விடற சத்தம் ரம்பத்தால மரம் அறுக்கற மாதிரி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. செக்யூரிட்டி அண்ணன்தான் செடிக்குத் தண்ணி விடற டியூபை இழுத்துட்டு வந்து அவன் மேல விட்டார். "தம்பி, நீங்க ஆட்டோ பிடிங்க, நான் பாத்துக்கறேன்"ன்னார்.

டாக்டர்கிட்ட போனப்போ உடம்புச் சூடு 105 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல. நாய்க்கு 101-லேர்ந்து 102.5 வரைக்கும்தான் இருக்கணும். "தண்ணி ஊத்தி, சூட்டைக் குறைச்சுட்டு கூட்டிட்டு வந்தீங்களே, அதுதான் காப்பாத்துச்சு"ன்னு அந்த மேடம் சொன்னாங்க.

அவன் கொஞ்சம் தெளிஞ்சதும், "குறட்டை விடுவானா?"ன்னு கேட்டாங்க. நான் பெருமையா போனை எடுத்து வீடியோ காட்டினேன். தலையைத் தூக்கி வெச்சுக்கிட்டு, வாயில ரப்பர் பொம்மையைக் கவ்விக்கிட்டே தூங்கற வீடியோ. எங்க ஃபேமிலி குரூப்ல செம ஹிட் அது. மேடம் சிரிக்கல. "தம்பி, பொம்மை வாயில இருந்தா வாய் மூடாது. அப்பதான் அவனுக்குக் காத்து உள்ள போகும். அதுக்காகத்தான் கவ்வியிருக்கான்"ன்னாங்க.

நாலு வருஷமா நான் அதை ரசிச்சிருக்கேன். ஷோவுக்கு இன்ட்ரோவா வேற போட்டிருக்கேன்.

சரி, பிரச்சினை எங்க இருக்குன்னு பார்ப்போம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வியர்க்காது. மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளிய தள்ளும். நீளமான மூக்கு இருக்கற நாய்க்கு உள்ள சுருள் சுருளா மெல்லிய எலும்பு, அது மேல ஈரமான சவ்வு. காத்து அது வழியா போகும்போது ஈரம் ஆவியாகி சூடு குறையும். லேப்டாப்புக்கு ஹீட் சிங்க் மாதிரி. பக் நாய்க்கு அந்த இடமே ரொம்பக் கம்மி.

முகம் தட்டையா இருக்கணும்னு தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து வளர்த்ததுல மண்டை ஓடு சுருங்கிடுச்சு. ஆனா உள்ள இருக்கற சதை அதே அளவுக்குச் சுருங்கல. மூணு பெட்ரூம் வீட்டு சாமானை ஒரே ரூமுக்குள்ள அடைச்ச கதைதான். மூக்குத் துவாரம் வெறும் கீறல் மாதிரி இருக்கும். மேலண்ணத்தோட பின்பக்கச் சதை நீண்டு தொண்டையை மறைக்கும். ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விடறதுல, நாளாவட்டத்துல குரல்வளையே தளர்ந்து உள்ள மடங்கலாம். இதுக்குச் சுருக்கமா போவாஸ்னு பேரு. குட்டை மூக்கு நாய்களுக்கு வர்ற மூச்சுப்பாதை அடைப்பு.

இந்த இனம் எப்பவும் இப்படி இல்ல. ஹோகார்த்னு ஒரு ஆங்கில ஓவியர் 1745-ல தன்னையும் தன் பக் நாயையும் சேர்த்து வரைஞ்சிருக்கார். தேடிப் பாருங்க, அந்த நாய்க்கு மூக்கு நல்லாவே நீண்டிருக்கும். நம்ம ஊர்ல 2003-ல ஹட்ச் விளம்பரம் வந்துச்சே, ஒரு பையன் பின்னாடியே பக் நாய் போகும். நான் அப்போ ஒண்ணாங்கிளாஸ். வேலைக்குப் போய் முதல்ல வாங்கினது போண்டாவைத்தான். மத்தவங்களைக் குறை சொல்லல, வாங்கினவன் நான்தான்.

மூச்சோட நிக்கறதும் இல்ல. கண்குழி ஆழம் கம்மி, அதனால கண் வெளிய துருத்திட்டு இருக்கும், கருவிழியில சுலபமா புண் வரும். மூக்கு மேல இருக்கற மடிப்புல ஈரம் தங்கி தோல் புண்ணாகும். எடை ஏறினா மூச்சு இன்னும் மோசம். போண்டா அப்போ பதினொரு கிலோ. ஆறுலேர்ந்து எட்டு கிலோ வரைக்கும்தான் இருக்கணும்.

மேடம் ஆபரேஷன் சொன்னாங்க. மூக்குத் துவாரத்தைப் பெருசாக்கி, அண்ணத்துச் சதையைக் குறைக்கறது. குட்டை மூக்கு நாய்க்கு மயக்க மருந்தே ரிஸ்க். அம்மா அழுதாங்க. "இருக்கற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்டா"ன்னாங்க. எனக்கும் பயம்தான். ரெண்டு மாசம் எடையைக் குறைச்சுட்டுத்தான் பண்ணோம். பிஸ்கட்டை நிறுத்தினது அம்மாவுக்குப் பெரிய தியாகம்.

ஆபரேஷன் முடிஞ்சு அவன் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி. ரெண்டு மணி இருக்கும், ஹால்ல லைட் எரியுது. போய்ப் பார்த்தா அம்மா போண்டா மூக்குக்கு முன்னாடி கையை வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. "சத்தமே இல்லடா, அதான் பார்த்தேன்." பொம்மை ஓரமா கிடந்தது. போண்டா வாயை மூடிக்கிட்டு ஒருக்களிச்சுத் தூங்கிட்டு இருந்தான்.

இது முழுசா குணமாகற விஷயம் இல்ல. இப்பவும் காலையில ஆறு மணிக்குள்ள வாக்கிங் முடிச்சுடுவோம். கழுத்துப் பட்டை கிடையாது, நெஞ்சுல மாட்டற ஹார்னஸ்தான். முக மடிப்பை தினமும் துடைச்சு, ஈரம் இல்லாம வெச்சுக்கறோம்.

உங்க வீட்ல பக், ஃபிரெஞ்ச் புல்டாக், ஷிட்ஸூ எது இருந்தாலும் இன்னைக்கு ராத்திரி ஒரு அஞ்சு நிமிஷம் பக்கத்துல உக்காந்து கேளுங்க. வீடியோ எடுங்க. குரூப்ல போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்னும் வாங்கலன்னா, குட்டியோட மூக்குத் துவாரத்தைப் பாருங்க, அதோட அம்மா நாயைக் கொஞ்ச தூரம் நடக்க வெச்சு மூச்சுச் சத்தத்தைக் கேளுங்க. காட்ட மாட்டேன்னு சொன்னா கிளம்பி வந்துடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. போண்டா தூங்கறான், மைக்கை ஆஃப் பண்றேன்.